2012-ல வாங்கின கம்ப்யூட்டர், கையில கொஞ்சம் காசு: எதுல கை வைக்கிறது?

கேள்வி: எங்க வீட்டு டெஸ்க்டாப் 2012-ல வாங்கினது. ஐ3 ரெண்டாம் தலைமுறை ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-ல இருந்தது, அப்புறம் 10-க்கு மாத்தினோம். இப்ப ஆன் பண்ணிட்டு போய் ஒரு வேலையை முடிச்சுட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. பொண்ணோட காலேஜ் ப்ராஜெக்ட், வீட்டுக்காரரோட கணக்கு, மாமியாரோட வீடியோ கால் எல்லாம் இதுலதான். தேதி வேற தினமும் பின்னாடி போயிடுது, சில வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது. ரிப்பேர் பார்க்கிறவர் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கன்னு சொல்றார். அக்கா பையன் கிராபிக்ஸ் கார்டு போட்டா பறக்கும்ங்கிறான். புதுசு வாங்குற காசுல கால்வாசிதான் என் கையில இருக்கு. என்ன பண்ணட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, தூக்கிப் போடாதீங்க. நீங்க சொல்ற வேலைக்கெல்லாம் இந்த மெஷின் இன்னும் சில வருஷம் தாராளமா ஓடும், கையில இருக்கிற கால்வாசி காசே போதும், அதுலயும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஆனா எதை முதல்ல பண்ணணும்ங்கிற வரிசை தப்பிடக்கூடாது. வரிசை தப்பினா காசும் போகும், மெஷினும் அப்படியேதான் இருக்கும்.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு வேலை. இன்னைக்கே அந்த ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற போட்டோ, பொண்ணோட ப்ராஜெக்ட், கணக்கு ஃபைல் எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்லயோ வெளி டிஸ்க்லயோ காப்பி பண்ணிடுங்க. இதை நான் சும்மா சொல்லல. எங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் டிஸ்க் மாத்தணும்னு முடிவு பண்ணி, சரி அடுத்த வாரம் உட்காருவோம்னு தள்ளிப் போட்டேன், அந்த வாரமே டிஸ்க்குக்குள்ள இருந்து டிக் டிக்னு ஒரு சத்தம், ரெண்டு நாள்ல கம்ப்யூட்டருக்கு டிஸ்க் இருக்கிறதே தெரியாமப் போச்சு. என் பையன் பொறந்ததுல இருந்து மூணு வயசு வரைக்கும் எடுத்த போட்டோ அதுக்குள்ள. மொபைல்ல இருந்த கொஞ்சம் தவிர எதுவும் திரும்பி வரல. இன்னைக்கும் அதை நினைச்சா மனசு கனக்குது. இவ்வளவு வருஷம் ஓடின டிஸ்க்கை நம்பி ஒரு ராத்திரி கூட விடாதீங்க, காப்பி முடிச்சுட்டு மீதிக் கடிதத்தைப் படிங்க.

முடிச்சாச்சா? இப்ப மெஷின் எங்க மூச்சு வாங்குதுன்னு பார்ப்போம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும், சின்னதா வந்தா கீழ இருக்கிற 'மோர் டீடெயில்ஸ்' அழுத்துங்க. அதுல சிபியு (அதான் ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க்னு வரிசையா சதவீதம் ஓடும். ஆன் பண்ண கையோட இதைத் திறந்து வெச்சு ஒரு பத்து நிமிஷம் சும்மா பாருங்க. நீங்க சொல்றதை வெச்சு பார்த்தா சிபியு இருபது முப்பதுல சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100-ல சிவந்து போய் நிக்கும்னுதான் எனக்குத் தோணுது. அப்படி இருந்தா வியாதி டிஸ்க்லதான், ப்ராசஸர் மேல ஒரு குத்தமும் இல்ல.

ஏன்னா ஹார்ட் டிஸ்க்குங்கிறது உள்ள ஒரு தட்டு சுத்துது, அது மேல ஒரு முள் அங்கயும் இங்கயும் நகர்ந்து நகர்ந்து படிக்குது. பெரும்பாலான டெஸ்க்டாப் டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுத்து. முள் சரியான இடத்துக்குப் போயி, தட்டும் சுத்தி வந்து சேர பத்து பதினஞ்சு மில்லி செகண்ட் ஆகும், அப்படின்னா ஒரு செகண்டுக்கு நூறு தடவை கூட ஒழுங்கா எடுத்துக் குடுக்க முடியாது. விண்டோஸ் 10 ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைலை ஒரே நேரத்துல கேட்குது, அப்டேட் ஒரு பக்கம், ஆன்டிவைரஸ் ஒரு பக்கம். வீட்டுல ஒரே ஆளை நாலு பக்கமும் கூப்பிட்டா அவ ஓடி ஓடி எந்த வேலையும் முடியாம நிக்கிறது உங்களுக்குத் தெரியாததில்ல, அதே கதைதான் இங்கயும். இதுக்குப் பதிலா எஸ்எஸ்டின்னு சிப்லயே சேமிக்கிற டிஸ்க் ஒண்ணு இருக்கு, அதுல சுத்துற தட்டும் கிடையாது முள்ளும் கிடையாது, கேட்ட இடத்துல இருந்து 0.1 மில்லி செகண்ட்ல எடுத்துக் குடுத்துடும். அதனால உங்க காசுல முதல் செலவு எஸ்எஸ்டி, இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

வாங்கும்போது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டின்னு தெளிவா கேளுங்க, சாட்டாங்கிறது உங்க டிஸ்க் இப்ப மதர்போர்டோட சேர்ற அதே கனெக்ஷன். சூயிங்கம் துண்டு மாதிரி நீட்டா ஒண்ணு காட்டுவாங்க, எம்.2, என்விஎம்இன்னு சொல்லுவாங்க, அது உங்க மதர்போர்டுல மாட்ட இடமே இருக்காது. அளவு 240 இல்லன்னா 256 ஜிபி போதும். இன்னொண்ணு, உங்க காலத்து மெஷின் நிறையதுல எச்61ங்கிற சிப்செட் (போர்டோட முக்கிய சிப்) உள்ள போர்டுதான் இருக்கும், அதுல சாட்டா வேகம் செகண்டுக்கு 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டி டப்பால செகண்டுக்கு 550 எம்பின்னு போட்டிருந்தாலும் உங்களுக்கு அதுல பாதிதான் கிடைக்கும். யாராவது இதைக் காட்டி 'உங்க போர்டுக்கு வேஸ்ட்'னு சொன்னா கேட்காதீங்க. நம்மை மாதிரி வீட்டு உபயோகத்துக்கு அந்தப் பெரிய நம்பர் முக்கியமே இல்ல, அந்த 0.1 மில்லி செகண்ட்தான் முக்கியம், அது பழைய போர்டுலயும் அப்படியே கிடைக்கும். செகண்ட் ஹேண்ட் எஸ்எஸ்டி மட்டும் வேண்டாம், எவ்வளவு எழுதித் தேய்ஞ்சதுன்னு வெளியில பார்த்துத் தெரியாது.

மாட்டுறது பயப்படுற வேலை இல்ல, உங்க பொண்ணே பண்ணிடுவா. பவர் கார்டை சுவத்துல இருந்து பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிச்சா உள்ள மிச்சம் இருக்கிற கரண்ட் இறங்கிடும், அப்புறம் கேபினட்டோட இரும்பைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பிக்கணும். பழைய டிஸ்க்ல ரெண்டு வயர் போகும், சின்னது டேட்டா, அகலமானது பவர், அதே ரெண்டையும் பிடுங்கி எஸ்எஸ்டில மாட்டணும், ரெண்டும் எல் வடிவத்துல இருக்கிறதால தலைகீழா போகாது. பழைய டிஸ்க்கை கழட்டியே வைங்க. விண்டோஸ் போட்டு முடியுற வரைக்கும் அது கனெக்ட் ஆகக் கூடாது, ஏன்னா தெரியாம அதை அழிச்சுட்டு உட்கார்ந்திருக்கிறவங்களை நான் பார்த்திருக்கேன், இல்லன்னா பூட் ஃபைல் (ஆன் ஆகும்போது முதல்ல தேடுற ஃபைல்) பழைய டிஸ்க்ல போய் உட்கார்ந்துக்கும், பின்னாடி அதைக் கழட்டினா கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்ல, சாட்டா மோட் ஐடிஇங்கிற பழைய முறையில இருந்தா, புதுசா விண்டோஸ் போடுறதுக்கு முன்னாடியே ஏஎச்சிஐங்கிற புது முறைக்கு மாத்திடுங்க, போட்டதுக்கு அப்புறம் மாத்தினா நீலத் திரைதான் வரும். பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் (நகல்) பண்ணலாம்னு சிலர் சொல்லுவாங்க, பண்ணலாம்தான், ஆனா இத்தனை வருஷக் குப்பையையும் சேர்த்துத் தூக்கிட்டு வர்றதுல எனக்கு இஷ்டமில்ல. புதுசா போடுங்க. உங்க விண்டோஸ் 10 அந்த போர்டோட ஏற்கனவே பதிவாகியிருந்தா, நெட் கனெக்ட் ஆனதும் கீ கேட்காம தானே ஆக்டிவேட் ஆயிடும்.

அடுத்தது ரேம். 4 ஜிபில விண்டோஸே பாதியை எடுத்துக்கும், குரோம்ல நாலு டேப் திறந்தா மீதியும் காலி, அப்புறம் டிஸ்க்கைத்தான் ரேம் மாதிரி உபயோகிக்க ஆரம்பிக்கும். 8 ஜிபி ஆக்கிடுங்க, அதுக்கு மேல இப்ப வேண்டாம். வாங்குறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து, ஒரே 4 ஜிபி துண்டு இருக்கா இல்ல ரெண்டு 2 ஜிபி துண்டான்னு பாருங்க. ஒண்ணுதான்னா இன்னொரு 4 ஜிபி வாங்கி காலி ஸ்லாட்ல மாட்டினா முடிஞ்சது, ரெண்டும் சேர்ந்து டூயல் சேனல்ல, அதாவது ஒரே நேரத்துல ரெண்டு பாதையில, ஓடும், அதுலயும் கொஞ்சம் வேகம் கிடைக்கும். ரெண்டு துண்டா இருந்து ஸ்லாட்டும் ரெண்டேதான்னா, ரெண்டையும் எடுத்துட்டு 4 ஜிபி ரெண்டு போடணும். உங்களுது டிடிஆர்3 வகை ரேம். டிடிஆர்4 வாங்கிட்டு வந்துடாதீங்க, நடுவுல இருக்கிற வெட்டு வேற இடத்துல இருக்கும், அழுத்தினா ஸ்லாட்தான் உடையும். ரேம் செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம், அது தேயுற பொருள் இல்ல. ஆனா ரொம்ப சல்லிசா 'ஏஎம்டிக்கு மட்டும்'னு ஒரு வகை டிடிஆர்3 விப்பாங்க, ஏஎம்டி வேற ப்ராசஸர் கம்பெனி, அந்த ரேம் உங்க இன்டெல் போர்டுல ஓடாது, விலையைப் பார்த்து மயங்கிடாதீங்க. மாட்டும்போது ரெண்டு பக்க கிளிப்பும் டக்குனு தானா மூடணும். மாட்டின பிறகு ஸ்க்ரீன் வராம பீப் பீப்னு கத்தினா பயப்படாதீங்க, துண்டை எடுத்து அந்தத் தங்கக் கலர் காலை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, தூசியைத் தட்டிட்டு திரும்ப மாட்டுங்க, பாதி நேரம் அதுலயே சரியாயிடும். விண்டோஸ் புதுசா போடும்போது 64 பிட்தானான்னும் பார்த்துக்குங்க, 32 பிட்ல 4 ஜிபிக்கு மேல ரேம் போட்டும் புண்ணியமில்ல.

தேதி பின்னாடி போறதும் வெப்சைட் திறக்காததும் ஒரே வியாதி. மதர்போர்டுல காசு மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, வாட்ச் பேட்டரி விக்கிற இடத்துலயே கிடைக்கும். அது செத்துப் போனா கம்ப்யூட்டரை அணைச்சதும் கடிகாரம் பழைய தேதிக்குப் போயிடும். ஒவ்வொரு வெப்சைட்டோட பாதுகாப்பு சர்ட்டிஃபிகேட்டுக்கும் இந்த தேதியில இருந்து இந்த தேதி வரைக்கும்னு ஒரு ஆயுசு உண்டு, உங்க கம்ப்யூட்டர் பழைய தேதியிலயே நிக்கிறதால அந்த வெப்சைட்டுகளோட சர்ட்டிஃபிகேட் அதுக்குச் செல்லாததா தெரியுது. இருக்கிறதுலயே சின்ன செலவு இதுதான், ஆனா பேட்டரி மாத்தினதும் பயாஸ்ல தேதியை சரி பண்றதோட அந்த ஏஎச்சிஐ-யையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

மூடி திறந்திருக்கும்போதே தூசியை எடுத்துடுங்க. பெயின்ட் பிரஷ் போதும், ஊதுற மெஷின் வெச்சு ஊதினா ஃபேனை விரலால பிடிச்சுக்கிட்டு ஊதுங்க, சுத்த விடாதீங்க. ப்ராசஸர் மேல சூட்டை இறக்குறதுக்கு இருக்கிற ஹீட்சிங்க்ங்கிற உலோகத் துண்டோட இடுக்குல பஞ்சு மாதிரி அடைச்சிருக்கும், அதனாலயே சூடாகி சிபியு தானே வேகத்தைக் குறைச்சுக்கும். உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீங்க, கரண்ட் இல்லாதப்பவும் உள்ள இருக்கிற கெப்பாசிட்டர்ல, அதாவது கரண்ட்டை சேர்த்து வைக்கிற குட்டி உருளைகள்ல, ஷாக் இருக்கும். மதர்போர்டு மேல இருக்கிற கெப்பாசிட்டர்களோட தலையைப் பாருங்க, தட்டையா இருந்தா நல்லது, உப்பியோ பழுப்பா கசிஞ்சோ இருந்தா அந்த மெஷின்ல ஒரு காசு கூட போடாதீங்க. அப்ப மட்டும் அந்த ரிப்பேர்காரர் சொன்னது சரி.

அக்கா பையன் ஆசையா சொல்றான், அவனுக்கு கேம் ஓடணும். ப்ராஜெக்ட்டுக்கும் கணக்குக்கும் வீடியோ காலுக்கும் கிராபிக்ஸ் கார்டால எந்தப் பிரயோஜனமும் இல்ல, பழைய எஸ்எம்பிஎஸ் அந்த பாரத்தைத் தாங்குமாங்கிறதும் சந்தேகம். ப்ராசஸர் மாத்தணும்னு ஆசை வந்தா, எஸ்எஸ்டியும் ரேமும் போட்டு ரெண்டு மாசம் ஓட்டிப் பார்த்துட்டு, அப்பவும் வீடியோ கால்ல சிபியு 100 தொட்டா மட்டும் செகண்ட் ஹேண்ட்ல ஐ5-3470 மாதிரி ஒண்ணு தேடுங்க. உங்க ஐ3-ல ரெண்டு கோர், அதுல நாலு. ஆனா அது மூணாம் தலைமுறை, பழைய போர்டுல பயாஸ் அப்டேட் பண்ணாம எடுக்காது, போர்டு கம்பெனி குடுத்திருக்கிற சிபியு பட்டியலைப் பார்த்துட்டுதான் காசு குடுக்கணும்.

ஒரு கசப்பான விஷயமும் இருக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் குடுத்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுடுச்சு. கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கு வீட்டு கம்ப்யூட்டரைப் பதிவு பண்ணிக்கிட்டா 2026 அக்டோபர் வரைக்கும் வரும்னு அறிவிச்சாங்க. விண்டோஸ் 11 உங்க மெஷினுக்கு முறைப்படி கிடைக்காது, அதுக்கு டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். குறுக்கு வழியில போட்டுத் தர்றேன்னு சொல்றவங்ககிட்ட குடுக்காதீங்க, வீட்டுக்காரரோட கணக்கு இருக்கிற மெஷின். எனக்குப் பிடிச்ச வழி லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலா போடுற வேற ஆபரேட்டிங் சிஸ்டம், அதுல எக்ஸ்எஃப்சிஇங்கிற பதிப்பு. இலவசம், இந்த மாதிரி பழைய மெஷின்ல லேசா ஓடும், தமிழ்ல டைப் பண்ணலாம், வேர்டு, எக்செல் மாதிரி வேலைக்கு லிப்ரே ஆஃபீஸ் கூடவே வருது, மாமியாரோட வீடியோ கால் பிரவுசர்லயே நடக்கும். பென்டிரைவ்ல ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாமலேயே ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்ல எதுவும் மாறாது. வீட்டுக்காரரோட கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும் ஓடுறதா இருந்தா அதை முதல்ல விசாரிச்சுட்டு முடிவு எடுங்க, இதுல அவரை விட்டுட்டு நாம முடிவு பண்ண முடியாது.

பழைய 500 ஜிபி டிஸ்க்கை எல்லாம் முடிஞ்சதும் ரெண்டாவது டிஸ்க்கா மாட்டிக்கலாம், படம் பாட்டு போட்டு வெச்சுக்க மட்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல அதோட உடம்பைப் பாருங்க, நீலமா 'குட்'னு காட்டினா சரி, மஞ்சள்ல 'காஷன்'னு வந்தா கழட்டி வெச்சுடுங்க.

மூடியைத் திறந்ததும் ரேம் துண்டு மேல இருக்கிற ஸ்டிக்கரையும், மதர்போர்டு நடுவுல பெருசா அச்சடிச்சிருக்கிற மாடல் நம்பரையும் மொபைல்ல படம் எடுத்து எனக்கு அனுப்புங்க. எந்த ரேம் பொருந்தும்னு பார்த்து எழுதுறேன், அதுவரைக்கும் ரேமுக்கு காசு குடுத்துடாதீங்க, எஸ்எஸ்டியை மட்டும் வாங்கி வைங்க.