கடலோரத்து அத்தாப்பு வீடு மழைக்கு ஒழுகாதா?

“எங்கள் தாத்தா கடலோரக் கம்பத்தில் (கிராமத்தில்) அத்தாப்புக் குடிசையில் வாழ்ந்தாராம். சிங்கப்பூர் மழைக்கு ஓலைக் கூரை எப்படித் தாங்கியது, ஒழுகாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளித் திட்டவேலைக்காகக் கேட்கிறீர்கள் போலும். ‘குடிசை’ என்ற சொல் எனக்கு உறுத்தியதால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு நினைவு தெரிந்து எங்கள் வீடு ஒரு முறைதான் ஒழுகியது. அதற்குக் காரணமும் நான்தான்.

அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். ஜோகூர் நீரிணையைப் பார்த்தபடி நின்ற ஒரு மலாய்ப் பெரியவரின் வீட்டில் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். தூண்களை மண்ணில் புதைக்காமல் கல் பீடங்களின்மேல் நிறுத்தியிருந்தார்கள். அதனால் கரையானும் ஈரமும் எளிதில் மேலேறுவதில்லை. அலை வந்து தொடும் இடத்தில் கட்டிய வீடுகளுக்கு மட்டும் உப்புநீரில் சீக்கிரம் மக்காத நீபோங் பனைத் தண்டுகளை நட்டார்கள். விட்டமும் தூணும் துளையும் கழுந்துமாகப் பொருந்தி, ஆப்பு அடித்து இறுகியிருந்தன. தரைப் பலகைகளுக்கு இடையே விட்ட இடைவெளி வழியாகக் கடற்காற்று வரும், சமையற்கட்டைக் கழுவிய நீர் வடியும், கைதவறிய ஐந்து காசு நேராகக் கீழே மேயும் கோழிகளிடம் போய்ச் சேரும்.

கூரைக்கு வருகிறேன். அத்தாப்பு என்பது சதுப்புநிலத்தில் வளரும் நிப்பா பனையின் ஓலை. நீங்கள் ஐஸ் கச்சாங் என்னும் துருவிய பனிக்கட்டி இனிப்பில் மென்று தின்னும் அத்தாப்புச் சீ அதே மரத்தின் காய்தான். ஓலையை ஓர் ஆள் நீளக் கழியின்மேல் மடித்து, ரோத்தான் (பிரம்பு) நாரால் வரிசையாகத் தைப்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தில் தென்னங்கீற்று முடைந்தே பழகிய அப்பா, “ஓலைக்குக்கூடத் தையலா?” என்று முதலில் சிரித்தாராம். தைத்த அத்தாப்புகளை இறவாணத்தில் தொடங்கி முகடு வரை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் கட்டுவார்கள். கீழே இருப்பதில் மூன்று விரல் அகலம் மட்டுமே வெளியே தெரியவேண்டும். அப்படிக் கட்டினால் கூரையின் எந்த இடத்திலும் பல அடுக்கு ஓலை இருக்கும். கூரையும் செங்குத்தாகச் சரிந்திருப்பதால், நீர் அடியடுக்குக்கு இறங்குமுன் வழிந்தோடிவிடும்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓலை மாற்றவேண்டும். 1966இல், எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, எங்கள் சமையற்கட்டின்மேல் இருந்த சிறு பகுதியை வீட்டுக்கார மலாய்ப் பெரியவர், நாங்கள் பாச்சிக் (மாமா) என்று அழைத்தவர், என்னிடம் நம்பி ஒப்படைத்தார். பந்தாட்டத்துக்கு ஓடும் அவசரத்தில் மூன்று விரலுக்குப் பதில் ஏறக்குறைய ஒரு சாண் விட்டுக் கட்டிவிட்டேன். கீழிருந்து பார்த்தபோது எந்த வேறுபாடும் தெரியவில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கிய முதல் இரவே அம்மாவின் அரிசித் தகரத்துக்குள் சொட்டத் தொடங்கியது. விடிந்ததும் பாச்சிக் மேலே ஏறினார்; திட்டவில்லை. என் கையைப் பிடித்து ஓலைமேல் வைத்து, “தீகா ஜாரி” என்றார். மூன்று விரல். அந்தப் பகுதி முழுவதையும் பிரித்து நானே மீண்டும் கட்டினேன்.

பழமை பாடுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீயில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். நெருக்கியடித்த கம்பத்தில் ஓலை எமன்தான் என்பதை மறுக்கவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன அன்று குழாயைத் திறந்து திறந்து மூடி மகிழ்ந்தவர் என் அம்மா. ஆனால் கம்பத்தில் அக்கம்பக்கத்தார் ஓலையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டபோது, நண்பகலில் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, மழை பெய்தால் பேசுவது காதில் விழவில்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

சென்ற ஆண்டு பேத்தியுடன் ஒரு கண்காட்சிக்குப் போனேன். அங்கே ‘அத்தாப்பு வீடு’ ஒன்றை சிமெண்டுத் தரையில் நேராக உட்கார்த்தி, தட்டையான கூரையில் ஞெகிழி ஓலை பரப்பியிருந்தார்கள். கைக்கு எட்டும் உயரம்தான். விரலை வைத்து அளந்தேன், ஒரு சாணுக்குமேல் இருந்தது. பொறுப்பிலிருந்த இளைஞரிடம் இது ஒழுகும் என்றேன். “இங்கே மழை பெய்யாது அங்கிள், ஏர்கான்” என்றார் அவர்.