எகொனியா என்ற பெயரில் நின்று

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு புத்தாண்டு ஆராதனையில், கர்த்தர் எனக்குத் தரும் வாக்காக அட்டையில் கிடைத்த வாக்குத்தத்த வசனம் இன்றுவரை நிறைவேறவில்லை. சோர்ந்திருந்த என்னை, இயேசுவின் வம்ச வரலாறு உள்ள மத்தேயு முதல் அதிகாரத்தைத் தியானிக்கும்படி எங்கள் போதகர் சொன்னார். வெறும் பெயர்ப் பட்டியல் எப்படி விசுவாசத்தைத் தரும்? லூக்காவின் பட்டியல் வேறாக இருப்பதும் குழப்புகிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

காத்திருந்து களைத்த மனத்தின் வலியை நான் அறிவேன். லூக்காவின் பட்டியலைப் பற்றி விளக்கவுரைகள் நிறையப் பேசுகின்றன; உங்கள் சோர்வு அதனால் வந்ததன்று என்பதால் அதை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘வெறும் பெயர்ப் பட்டியல்’ என்று எழுதினீர்களே, அது எனக்குக் கோபத்தையே தந்தது. வாக்குத்தத்த அட்டையில் வசனம் இருக்கிறது. அது யாருக்குச் சொல்லப்பட்டது, எத்தனை தலைமுறை காத்திருந்தது என்பது அதில் இல்லை. அட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு கர்த்தரிடம் மூன்று ஆண்டுக் கணக்குக் கேட்கிறீர்கள். காலக்கணக்கு எழுதப்பட்ட பக்கத்தையோ புரட்டிவிட்டுப் போகிறீர்கள்.

சில மாதங்களாக நான் அந்தப் பட்டியலில் எகொனியா என்ற ஒரே பெயரில் நின்றுகொண்டிருக்கிறேன். 18 வயதில் யூதாவின் அரசனாகி, மூன்றே மாதம் ஆண்டு, கி.மு. 597-இல் பாபிலோனுக்குச் சிறையாகப் போனவன் அவன். கர்த்தருடைய வலதுகையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறியப்படுவான் என்றும், ‘சந்தானமற்றவன்’ என்று எழுதுங்கள் என்றும் எரேமியா 22-ஆம் அதிகாரம் அவனைப் பற்றிச் சொல்கிறது. தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்ற வாக்கு அங்கேயே முறிந்துபோனதாக அன்று எருசலேமில் இருந்தவர்கள் எண்ணியிருந்தால், அவர்களை யார் குறைசொல்ல முடியும்?

ஆனால் பாபிலோனில் தோண்டியெடுத்து, 1939-இல் வெளியிடப்பட்ட களிமண் பலகைகளில், யூதாவின் அரசனான இந்த எகொனியாவுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு இருக்கிறது. அரியணைக்கு வாரிசு இல்லை என்று தீர்ப்புப் பெற்றவனின் பிள்ளைகள், பகைவன் அரண்மனைப் படியளப்பிலேயே வளர்ந்தார்கள். கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி அவனுடைய பேரனான சொரொபாபேலைப் பார்த்து, கர்த்தர் உன்னை முத்திரை மோதிரமாக வைப்பார் என்கிறார். கழற்றி எறிந்த அதே மோதிரம்! இடையில் சென்றவை 77 ஆண்டுகள். சொரொபாபேலும் முடிசூடவில்லை. அதன்பின் அபியூத் முதல் யாக்கோபு வரை ஒன்பது பெயர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று வேதத்தில் ஒரு வரிகூட இல்லை. வாக்கு அவர்கள் வழியாகத்தான் மரியாளின் கணவனான யோசேப்பின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

என் தகப்பனார் குடும்ப ஜெபத்தில் இந்த அதிகாரத்தை ஒரு பெயரையும் விடாமல் வாசிப்பார். தூக்கம் வழியும் எங்களைக் கடிந்துகொள்வார். ‘பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனபின்பு, எகொனியா சலாத்தியேலைப் பெற்றான்’ என்னும் இடத்தில் அவர் குரல் தாழ்ந்து, சற்று நின்று, பிறகே தொடரும். வேலை இழந்து எட்டு ஆண்டுகள் வீட்டிலிருந்த மனிதர் அவர். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்றிரவு அந்த 12-ஆம் வசனத்திலிருந்து 16-ஆம் வசனம் வரை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.