எல்னாட் புள்ளி குறைந்தால் சட்டப் படிப்பு கைநழுவிவிடுமா?

அன்புத் தங்கைக்கு,

மகளுக்கு எல்னாட் (சட்டப் படிப்புக்குச் சில பல்கலைக்கழகங்கள் கேட்கும் நுழைவுப் பரீட்சை) மாதிரிப் பரீட்சையில் 42க்கு 21 புள்ளிதான் வந்தது என்றும், இந்த நிலையில் இங்கிலாந்தில் சட்டம் படிக்க விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக விண்ணப்பிக்கலாம். எங்கெங்கே என்பதைத்தான் யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

ஊரில், அதாவது இலங்கையில், உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் அனுமதியைத் தீர்மானிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே எல்லாருக்கும் பொதுவான வெட்டுப்புள்ளி கிடையாது. ஜிசிஎஸ்இ (16 வயதளவில் எழுதும் பொதுப் பரீட்சை) பெறுபேறு, உயர்தரத்தில் ஆசிரியர்கள் எதிர்பார்க்கும் பெறுபேறு, மாணவி தன்னைப் பற்றி எழுதுவது ஆகியவற்றோடு சேர்த்தே எல்னாட் புள்ளியைப் பார்க்கிறார்கள். அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். ஒக்ஸ்போர்டில் யாரை நேர்முகத்துக்கு அழைப்பது என்று முடிவெடுப்பதிலேயே அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதுவும் மாணவிக்குத் தன் புள்ளி தெரியவரும் முன்பே நடந்து முடிந்துவிடும்.

பரீட்சையின் முதற்பகுதியில், கொடுக்கப்படும் கட்டுரைப் பகுதிகளை வாசித்து 95 நிமிடத்தில் 42 தெரிவுவினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கமாட்டார்கள் என்பதால் எதையும் வெறுமையாக விடக்கூடாது. சட்ட அறிவு எதுவும் தேவையில்லை. கட்டுரையாளர் 'பெரும்பாலான' என்று எழுதியிருக்க, விடைகளில் ஒன்று 'எல்லா' என்று சொல்லும்; அந்த வேறுபாட்டைக் கவனிக்கிறாளா என்பதுதான் சோதனை. தினமும் ஒரு பத்திரிகைத் தலையங்கத்தை வாசித்து, அதன் வாதத்தையும் அது சொல்லாமல் எடுத்துக்கொண்ட அனுமானத்தையும் இரண்டே வரியில் எழுதிப் பழகச் சொல்லுங்கள். பெரும் பணம் கட்டி ரியூசனுக்கு அனுப்புவதைவிட அது பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த 40 நிமிடத்தில் எழுதும் கட்டுரை அந்த 42இல் சேராது. அது அப்படியே பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது. ஒக்ஸ்போர்டில் விரிவுரையாளர்களே வாசித்து மதிப்பிடுகிறார்கள். ஆகவே தெரிவுவினாப் புள்ளி நடுத்தரமாக இருக்கும் பிள்ளைக்கு, ஒரு பக்கத்தில் தெளிவாக நின்று, எதிர்வாதத்துக்கும் பதில் சொல்லும் கட்டுரை உண்மையான துணையாகும்.

பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் யூகாஸ் அமைப்பில் தெரிவுகள் ஐந்துதான். ஐந்தையும் எல்னாட் கேட்கும் இடங்களுக்கே கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் ஒரு பருவத்தில் ஒரு முறைதான் அதை எழுதலாம். அன்றைய நாள் சரியாக அமையாவிட்டால் ஐந்தும் சேர்ந்து ஆட்டங்காணும். யுசிஎல், டர்ஹாம், பிரிஸ்டல் போன்றவற்றில் இரண்டு மூன்றோடு, எல்னாட் கேட்காத வோரிக், மான்செஸ்டர், குயின் மேரி போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதிவு செய்யும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே கொடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னும் இன்னோரிடத்தில் பின்னும் இருக்கும். பரீட்சை நிலைய வாசலில் அடையாள அட்டையும் பதிவும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். அரசாங்கக் கொடுப்பனவு பெறும் குடும்பம் என்றால் கட்டண விலக்கும் கேட்கலாம். அதைப் பணம் கட்டும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.