'சிக்', 'அன்வெல்', 'ஃபோல்': இங்கிலாந்து வரும் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான். களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறீர்கள். அங்கே 'பிக்', 'லார்ஜ்', 'டோல்', 'ஹை', 'சீ', 'லுக்', 'வாட்ச்' என்று சோடி சோடியாகச் சொற்களைத் தந்து வித்தியாசம் கேட்கிறார்கள். விசா வந்துவிட்டது. பிராட்ஃபோர்டில் கணவரிடம் போய்ச் சேர்ந்ததும் முதியோர் பராமரிப்பு வேலை தேடப் போகிறீர்கள். இவ்வளவு சோடியையும் பாடமாக்கத்தான் வேண்டுமா, எதை முதலில் பிடிப்பது?

நான் ஆரையம்பதி ஆள். பல வருடமாக லீட்ஸ் பக்கம் ஒரு கெயார் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், வேலை செய்கிறேன். 'பிக்', 'லார்ஜ்' இரண்டும் அப்படியே கிடக்கட்டும். உயரமான ஆளை 'ஹை' என்று சொன்னாலும் இங்கே உள்ளவர்களுக்கு விளங்கும், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் சில சொற்களை மாற்றிச் சொன்னால் சம்பளம் வெட்டுப்படும், அல்லது வரவேண்டிய ஆம்புலன்ஸ் வராது. அப்படிப்பட்ட சோடிகளும் இருக்கின்றன. விமானம் ஏறுமுன் அவற்றைப் படியுங்கள்.

முதலில் 'சிக்', 'அன்வெல்'. நமக்குச் சுகமில்லை என்பது வேறு, சத்தி என்பது வேறு. வகுப்புப் புத்தகத்தில் 'சிக்' என்றால் சுகமில்லை என்று போட்டிருக்கும். இங்கிலாந்தில் 'ஐ வாஸ் சிக் லாஸ்ட் நைட்' என்றால், ராத்திரி சத்தி எடுத்தேன் என்றுதான் கேட்கிறவர் எடுத்துக்கொள்வார். கெயார் ஹோமில் அது பெரிய விஷயம். சத்தியோ வயிற்றோட்டமோ வந்த ஊழியர், அது நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை வேலைக்கு வரக்கூடாது. நோரோவைரஸ் என்ற சத்திக் கிருமி என்றால் ஒரு மாடி முழுக்கப் பரவ நேரம் எடுக்காது, வயதானவர்கள் தாங்கமாட்டார்கள். எங்கள் இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை, வெறும் தலையிடிக்குப் போன் எடுத்து 'சிக்' என்று சொல்லிவிட்டது. இரண்டு ஷிப்ட் கைவிட்டுப் போயிற்று. மணித்தியாலக் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது சின்ன இழப்பில்லை. தலையிடி என்றால் 'ஹெடேக்' என்றே சொல்லுங்கள். பொதுவாகச் சுகமில்லை என்றால் 'அன்வெல்'. நாளைக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாலும் இதே கதைதான், அங்கேயும் 48 மணித்தியாலம்.

ஆனால் 'ஓஃப் சிக்', 'சிக் பே' என்று வரும்போது சத்தி கிடையாது. சுகவீன லீவில் நிற்பது, அதற்கான கொடுப்பனவு, அவ்வளவுதான். முதல் 7 நாளுக்கு டொக்டர் கடிதம் தேவையில்லை, நீங்களே எழுதிக் கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் 'ஃபிட் நோட்' என்ற மருத்துவக் கடிதம் வேண்டும். 2010 வரைக்கும் அதற்குப் பெயர் 'சிக் நோட்'. பழைய ஆட்கள் இன்னும் அப்படியே சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

அடுத்தது நீங்கள் எழுதப்போகும் குறிப்பு. ஷிப்ட் முடியுமுன் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுத வேண்டும். அறைக்குள் போகிறீர்கள், ஒரு அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருக்கிறா. விழுந்ததை நீங்கள் பார்க்கவில்லை. அப்போது 'ஷீ ஃபெல்' என்று எழுதக்கூடாது. 'ஃபவுண்ட் ஆன் த ஃப்ளோர்', அதாவது நிலத்தில் இருக்கக் கண்டேன் என்று எழுத வேண்டும். கண்ணால் கண்டால் அது 'விட்னஸ்ட் ஃபோல்', காணாவிட்டால் 'அன்விட்னஸ்ட் ஃபோல்'. காணாதபோது தலை அடிபட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அதனால் தலையில் அடிபட்டிருக்கலாம் என்று வைத்துத்தான் அவவைக் கவனிப்பார்கள். நீங்கள் கண்டது போல எழுதிவைத்தால் அந்தக் கவனிப்பு குறைந்துபோகும். உடனே அறையில் உள்ள உதவிப் பட்டனை அழுத்திச் சீனியரைக் கூப்பிடுங்கள், அவர் வந்து பார்க்காமல் தூக்கி இருத்தாதீர்கள்.

மருந்து விஷயத்தில் 'ப்ராம்ப்ட்', 'அட்மினிஸ்டர்' என்று இரண்டு சொல் வரும். 'ப்ராம்ப்ட்' என்றால் நேரமாகிவிட்டது என்று ஞாபகப்படுத்துவது, குளிசையை அவரே எடுத்துப் போடுவார். 'அட்மினிஸ்டர்' என்றால் சரியான மருந்தா, சரியான அளவா என்று பார்த்து நீங்கள் கொடுப்பது. அதற்குப் பயிற்சி எடுத்து, உங்களால் முடியும் என்று ஒருவர் சோதித்துக் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். பயிற்சி முடியுமுன் யாராவது 'அட்மினிஸ்டர்' பண்ணச் சொன்னால், எனக்கு இன்னும் பயிற்சி தரவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி உங்களுக்கே வருத்தம் வந்தால். நாம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'அர்ஜன்ட்' என்போம். இங்கே 'அர்ஜன்ட்' வேறு, 'எமர்ஜென்சி' வேறு. உயிருக்கு ஆபத்து என்றால் எமர்ஜென்சி, 999. நம்மூரில் ஆம்புலன்ஸுக்கு 1990 அடிப்பதுபோல. இன்றைக்கே பார்க்க வேண்டும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 111. அதேபோல 'கேஸ்ட்ரிக்' என்ற சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நெஞ்செரிச்சலுக்கு இங்கே 'ஹார்ட்பர்ன்'. நெஞ்சு நோ என்றால் 'செஸ்ட் பெய்ன்'. திடீரென்று நெஞ்சை இறுக்கி, வியர்த்து, மூச்சு வாங்குகிற நோவை 'கேஸ்ட்ரிக்' என்று சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள். 'பிரஷர்', 'சுகர்' என்பதையும் 'ஹை பிளட் பிரஷர்', 'டயபிட்டீஸ்' என்று முழுதாகச் சொல்லிப் பழகுங்கள். 'சேர்ஜரி' என்று யாராவது சொன்னால் ஒப்பரேஷன் என்று பயப்பட வேண்டாம், குடும்ப டொக்டர் இருக்கும் இடத்துக்கும் அதுதான் பெயர்.

வேலை தேடும்போது 'கெயார் டேக்கர்' என்று போடாதீர்கள். அது பள்ளிக்கூடம், கட்டடம் பார்க்கிற வேலை. 'கெயார் அசிஸ்டன்ட்' அல்லது 'கெயார் வேர்க்கர்' என்று தேடுங்கள். டொக்டரிடம் பதியும் படிவத்தில் 'ஆர் யூ எ கெயரர்' என்று ஒரு கேள்வி இருக்கக்கூடும். வீட்டில் ஒரு நோயாளியைச் சம்பளமில்லாமல் பார்க்கிறீர்களா என்றுதான் அதற்குப் பொருள். ஹோம் வேலையை நினைத்து 'யெஸ்' போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, பிராட்ஃபோர்ட் பக்கத்து வயதானவர்கள் பலருக்கு 'டின்னர்' மத்தியானச் சாப்பாடு, 'டீ' பின்னேரச் சாப்பாடு. 'டீ' கேட்கிறார் என்று ஒரு கோப்பைப் பிளேன்டியோடு போய் நின்றால் பாவம், மனிசன் பசியோடு இருப்பார். கேட்டதும் 'யுவர் மீல், ஓர் எ கப் ஒஃப் டீ?' என்று திருப்பிக் கேளுங்கள்.

அம்மம்மாவை நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் இன்று இரவே தொடங்கலாம். அவ எத்தனை மணிக்கு எழும்பினா, எவ்வளவு சாப்பிட்டா, குளிசையை அவவே போட்டாவா அல்லது நீங்கள் கொடுத்தீர்களா, எங்கே நோகுது என்றா, எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் நாலைந்து வரி இங்கிலீஷில் எழுதுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள், நினைத்ததை எழுத வேண்டாம். அதை வகுப்பு டீச்சரிடம் கொடுத்துத் திருத்தி வாங்குங்கள். இங்கே வந்து நேர்முகத்துக்குப் போகுமுன் அந்தக் கொப்பியில் இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன்.