வாசகர் கேள்வி: அறைக்கு முன் சங்கத்தின் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: டோக்கியோவில் கணினித் துறையில் வேலை பார்க்கிறேன். 1982ல் கட்டி முடித்த அடுக்குமாடியில் ஓர் அறை வீடு 90 லட்சம் யெனுக்கு வருகிறது. வாடகைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார், மாதம் 60,000 யென். எட்டு சதவீத வருமானம் என்கிறார் தரகர். முதலீடாக வாங்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டோக்கியோ

பதில்: அவசரப்படாதீர்கள். எனக்கும் டோக்கியோவில் பழைய கட்டடம் ஒன்றில் வீடு இருக்கிறது. அதன் உரிமையாளர் சங்க நிர்வாகக் குழுவில் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்: அறையைப் பார்க்கப் போவதற்கு முன் சங்கத்தின் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் அந்த எட்டு சதவீதம். ஆண்டு வாடகை 7,20,000 யென். விளம்பரத்தின் அடியில் கன்ரிஹி என்ற பராமரிப்புக் கட்டணமும், ஷூசென் ட்சுமிதாதேகின் என்ற பழுதுபார்ப்புச் சேமிப்பும் இருக்கும். இரண்டும் சேர்ந்து மாதம் 20,000 என்று வையுங்கள். ஆண்டுக்கு 2,40,000 போயிற்று. வாடகையைக் கவனிக்கும் நிறுவனத்துக்கு 5 சதவீதம் என்றால் 36,000. சொத்து வரி ஒரு 40,000. மிச்சம் 4,04,000, அதாவது நாலரை சதவீதம். தரகுக் கட்டணம் இதில் சேரவில்லை. சட்டப்படி அதன் உச்சவரம்பு விலையில் 3 சதவீதமும் 60,000 யெனும், அதற்கு மேல் நுகர்வு வரியும். உங்களுக்கு 3,63,000 வரை வரும். பதிவுச் செலவு, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், வருமான வரி எல்லாம் இன்னும் பாக்கி.

அந்தச் சேமிப்பு நிதிதான் எனக்குப் பெரிய கவலை. 12 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி வெளிச்சுவரைச் சரிசெய்து, மொட்டைமாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்புப் போடுவார்கள். பழைய கட்டடங்களில் இரும்புக் குழாய்களும் அரித்துப்போகும்; மேல்வீட்டுக் கழிவுநீர்க் குழாய் கீழ்வீட்டுக் கூரைக்குள் ஓடுவதும் உண்டு. நிதி போதாவிட்டால் மாதக் கட்டணத்தை ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாக வசூலிக்க வேண்டும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் நிறைந்த பொதுக்கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் தள்ளிப்போட்ட செலவு கடைசியில் புதிதாக வாங்கியவர் தலையிலும்தான் விழும். விற்பவர் வைத்த பராமரிப்புப் பாக்கியைக்கூடச் சட்டப்படி உங்களிடம் கேட்கலாம். கட்டடத்தைப் பராமரிக்கும் நிர்வாக நிறுவனம் தரும் ஜூயோ ஜிகோ சோசா ஹோகோகுஷோ என்ற அறிக்கையில் நிதி இருப்பு, பாக்கி, திட்டமிட்ட பணிகள் எல்லாம் இருக்கும். கடந்த சில ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். தரத் தயங்கினால் விலகிவிடுங்கள்.

அடுத்து, 1982 என்பதை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள். புதிய நிலநடுக்கத் தரம் 1981 ஜூன் 1ல் நடைமுறைக்கு வந்தது. கணக்கில் வருவது கட்டட அனுமதி உறுதியான தேதி, கட்டி முடித்த தேதி அல்ல. 1982ல் முடிந்த அடுக்குமாடி பழைய தரத்தில் இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. வார்டு அலுவலகக் கட்டடப் பிரிவில் பதிவேட்டுச் சான்று வாங்கினால் தேதி தெரிந்துவிடும். பழைய தரம் என்றால் வங்கிக் கடன் கிடைப்பதும், பிற்பாடு விற்பதும் சிரமம்.

குடியிருப்பவரின் ஒப்பந்தத்தையும் படியுங்கள். தகுந்த காரணமில்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. அவருடைய முன்பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பும் உங்களுக்கு வந்துவிடும். பக்கத்தில் இதே அளவு வீடுகள் இன்று என்ன வாடகைக்குப் போகின்றன என்று விசாரியுங்கள். அவர் காலிசெய்த மறுமாதமே 50,000க்கு இறங்கலாம்.

அனுமதித் தேதி 1981 ஜூனுக்குப் பின், நிதி தேறுகிறது, பாக்கி இல்லை என்றால் விலையைப் பேசிக் குறைத்து வாங்குங்கள். இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: நீகாட்டாவின் யுசாவாவில் ஒரு லட்சம் யெனுக்கு அடுக்குமாடி வீடு கிடைக்கிறதாமே?
– இன்னொரு வாசகர், யோகோஹாமா

பதில்: கிடைக்கிறது. பனிச்சறுக்கு மோகத்தில் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தவை அவை. பொதுக் குளியல், நீச்சல்குளம் எல்லாம் இருப்பதால் நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் மாதக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்காலம் முழுக்க அங்கே தங்கப்போகிறீர்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வருமானத்துக்கு என்றால் வேண்டாம்.