நாள்காட்டியில் ‘நினைவு’, கோவிலில் ‘பெருவிழா’

கேள்வி: ஜூன் 13 புனித அந்தோனியார் நாளை வழிபாட்டு நாள்காட்டி ‘நினைவு’ என்கிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் பெருவிழா என்கிறார்கள். எது சரி? (கொட்டாஞ்சேனை வாசகர்)

இரண்டும் சரி. கத்தோலிக்கத் திருநாட்களுக்கு மூன்று படிகள்: நினைவு, அதற்கு மேல் விழா, எல்லாவற்றுக்கும் மேல் பெருவிழா. உரோமைப் பொது நாள்காட்டியில் அது நினைவுதான். ஆனால் எந்தப் புனிதரின் பெயரில் ஒரு கோவில் அர்ச்சிக்கப்பட்டதோ, அந்தக் கோவிலுக்குள் மட்டும் அவருடைய நாள் பெருவிழாவாக உயர்ந்துவிடும். அடுத்த தெருக் கோவிலில் அன்றும் நினைவே.

பெயர் மாறினால் திருப்பலியும் மாறும். வாரநாளில் வரும் நினைவுக்கு நற்செய்திக்கு முன் ஒரு வாசகமும் பதிலுரைப் பாடலும் போதும், ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடல் இல்லை. விழாவென்றால் ‘உன்னதங்களிலே’ உண்டு, நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் இல்லை. பெருவிழாவுக்கு இரண்டு வாசகங்கள், ‘உன்னதங்களிலே’, விசுவாசப் பிரமாணம் எல்லாமே உண்டு. பங்கில் யாராவது பொது நாள்காட்டியை மட்டும் பார்த்து ஏற்பாடு செய்தால் இரண்டாம் வாசகத்துக்கு ஆள் இருக்காது, பாடகர் குழுவும் முழிக்கும். திருநாளன்று நடக்கும் குழப்பத்தில் பாதி இதுதான்.

2026இல் ஜூன் 13 அன்றே மரியாவின் மாசற்ற இதய நினைவும் வருகிறது. இரண்டு நினைவுகள் மோதினால் அந்த ஆண்டு இரண்டுமே, கொண்டாடினாலும் விட்டாலும் சரி என்ற விருப்ப நினைவுகளாகிவிடும். அந்தோனியார் கோவிலுக்கு இந்தச் சிக்கலே இல்லை. அங்கே பெருவிழா முந்திக்கொள்ளும்.

ஆனால் பெருவிழாவும் எல்லாவற்றையும் வெல்லாது. கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலியான புனித லூசியாவின் நாள் டிசம்பர் 13. அது 2026இல், கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக்காலத்து மூன்றாம் ஞாயிறு. திருவருகைக்கால ஞாயிறு எந்தப் புனிதருக்கும் வழிவிடாது. ஆகவே ஒழுங்குப்படி பெருவிழா திங்கள் 14க்குத் தள்ளிப்போகும். ஞாயிறன்று ஊதா அல்லது இளஞ்சிவப்புத் திருவுடை, திங்களன்று, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைச்சாட்சிக்குரிய சிவப்பு. அலங்காரத் துணி எடுப்பவர்கள் இப்போதே குறித்துவைப்பது நல்லது.

கேள்வி: ‘அமல உற்பவம்’ என்பது இயேசு கருவானதைத்தானே குறிக்கிறது? (வெள்ளவத்தை வாசகர்)

இல்லை. மரியா தம் தாயின் வயிற்றில் கருவானபோதே பிறப்புநிலைப் பாவமின்றி இருந்தார் என்பதே பொருள். 1854 டிசம்பர் 8 அன்று பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இதை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தார். தேதிகளை எண்ணிப் பாருங்கள்: டிசம்பர் 8இலிருந்து ஒன்பது மாதம், செப்டெம்பர் 8, மரியாவின் பிறப்பு விழா. இயேசு கருவானது மார்ச் 25. அதிலிருந்து ஒன்பது மாதம் கிறிஸ்மஸ். இந்த மயக்கத்துக்கு வாசகரைக் குறை சொல்ல முடியாது. டிசம்பர் 8 அன்று வாசிக்கப்படும் நற்செய்தியே கபிரியேல் தூதுரைக்கும் பகுதிதான் (லூக்கா 1:26–38). ‘அருள் மிகப் பெற்றவரே’ என்ற வாழ்த்துக்காகவே அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: பாட்டியின் ஜெபப் புத்தகத்திலுள்ள திருநாட்களின் பெயர்கள் இன்றைய நாள்காட்டியில் இல்லையே? (மட்டக்குளி வாசகி)

1969இல் நாள்காட்டி திருத்தப்பட்டபோது சில பெயர்கள் மாறின. பெப்ரவரி 2 அதுவரை தேவமாதாவின் சுத்திகரத் திருநாள். இப்போது ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. கபிரியேல் தூதுரைத்த நாளான மார்ச் 25உம் அப்படியே, மரியாவின் திருநாளாக இருந்தது ஆண்டவருடைய பெருவிழாவாயிற்று. சனவரி 1 மட்டும் எதிர்த் திசையில் போனது: விருத்தசேதனத் திருநாள் என்ற பெயர் 1960இலேயே போயிருந்தது, 1969இல் மரியா இறைவனின் தாய் என்ற பெருவிழா வந்தது. அந்தப் பட்டத்தை 431இல் ஆயர்கள் கூடிய எபேசு சங்கம் உறுதிசெய்தது. கிறிஸ்துவில் கடவுளும் மனிதரும் ஒரே ஆளா, ஆகவே அவரைப் பெற்றவரை இறைவனின் தாய் என்று அழைக்கலாமா என்பதே அன்றைய வழக்கு. இந்த மூன்று திருநாட்களின் தேதிகள் மாறவில்லை; பாட்டியின் புத்தகத்தில் பெயருக்குப் பக்கத்தில் புதிய பெயரைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.