'குராசாவ் லைசென்ஸ் இருக்கு'ன்னு போட்டிருக்குற சூதாட்ட ஆப்பை நம்பலாமா?

மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் படகு கரையில கிடக்கும்போது எங்க பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து பசங்க கேக்குறதும் இதேதான், "லைசென்ஸ் நம்பரே போட்டிருக்கான்ணே, அப்புறம் என்ன?"ன்னு. நம்பர் உண்மையாவே இருக்கலாம்ங்க, ஆனா அந்த லைசென்ஸ் உங்களுக்காகக் குடுத்தது இல்ல.

குராசாவ் வெனிசுலாவுக்கு வடக்க கிடக்குற சின்ன தீவு, நெதர்லாந்து ராஜ்யத்துல சேர்ந்தது, ஜனம் சுமார் ஒன்றரை லட்சம் (நம்ம ராம்நாடு மாவட்டத்துலயே 13 லட்சத்துக்கு மேல). 1993லயே வெளிநாட்டுக்காரன் ஆடுற சூதாட்டத்துக்குன்னு தனி சட்டம் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் பல வருஷம் நடந்த கூத்து என்னன்னா, நாலே நாலு கம்பெனிக்கு மாஸ்டர் லைசென்ஸ், அந்த நாலு பேரும் அதுக்கு கீழ சப்-லைசென்ஸ்னு நூத்துக்கணக்கான சைட்டுக்கு வித்துக்கிட்டே இருந்தாங்க, ஒரு படகோட பதிவு நம்பரை ஊரு பூரா இருக்குற படகுல எழுதிக்கிட்டு கடலுக்குப் போன மாதிரி. புகார் எழுதினா அது சப்-லைசென்ஸ் வித்தவன்கிட்டயே போகும், அவனுக்கு படியளக்குறதே அந்த சைட்டுதான், அவன் எங்க உங்களுக்காகப் பேச! 2024 டிசம்பர்ல புது சட்டம் வந்து இந்த சப்-லைசென்ஸ் முறையை ஒழிச்சாங்க, இப்ப அரசு ஆணையமே நேரடியா குடுக்குது. பழைய நம்பரை இன்னும் காட்டிக்கிட்டு இருக்கவனை கிட்டயே சேக்காதீங்க.

இதே மாதிரி சூதாட்ட லைசென்ஸ் குடுக்குற ஐரோப்பிய தீவு நாடு மால்டா கொஞ்சம் கறார்தான். விண்ணப்பத்துக்கே 5,000 யூரோ, கிடைக்கலைனாலும் திரும்ப வராது, லைசென்ஸ் 10 வருஷத்துக்கு, ஆடுறவங்க காசை கம்பெனி காசோட கலக்கக் கூடாது. அந்த மால்டாவே 2023ல என்ன பண்ணுச்சு தெரியுமா, ஆஸ்திரியா, ஜெர்மனியில ஆடித் தோத்தவங்க அவங்க ஊர் கோர்ட்டுல கேஸ் ஜெயிச்சு தீர்ப்போட வர ஆரம்பிச்சதும், தன்னோட லைசென்ஸுக்கு உட்பட்டு தொழில் பண்ற கம்பெனி மேல அந்த தீர்ப்பு இங்க செல்லாதுன்னு சட்டமே கொண்டுவந்துருச்சு. ஐரோப்பாக்காரனுக்கே இந்த கதின்னா தங்கச்சிமடத்துக்காரனுக்கு?

அப்புறம் இந்தியாவுல 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய சட்டப்படி காசு வச்சு ஆடுற ஆன்லைன் ஆட்டத்தை நடத்துறதே குத்தம், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம். எந்த தீவு லைசென்ஸும் இங்க செல்லாது. ஆடுறவனுக்கு அதுல தண்டனை இல்லதான், ஆனா போன காசை கேக்கவும் ஆள் இல்ல.

இன்னொன்னு, காசு போடும்போது யாரு பேரு வருதுன்னு பாருங்க, பல ஆப்புல கம்பெனி பேரே வராது, எவனோ ஒருத்தனோட சேவிங்ஸ் அக்கவுண்ட்தான் வரும். கமிஷன் தர்றேன் உன் அக்கவுண்டை குடுன்னு காலேஜ் பசங்களை வளைக்கிறது இதுக்குத்தான், நாளைக்கு போலீஸ் தேடி வர்றது குராசாவ்க்கு இல்ல, அக்கவுண்ட் குடுத்த பையன் வீட்டுக்கு. ஏற்கனவே காசு மாட்டியிருந்தா லேட் பண்ணாம சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் போட்டு சொல்லிருங்க, ட்ரான்ஸாக்ஷன் நம்பரை மட்டும் அழிச்சுராதீங்க.